சம்பளம் இல்லாத கான்சல்கள்: பாரிஸ் முதல் லிவர்பூல் வரை

திங்கள், பாரிஸ்

அமெரிக்கா பிறந்த புதிதில் ஐரோப்பாவில் அதற்கு ஒரு வீடு கிடையாது, கையில் காசு கிடையாது, பல அரண்மனைகளில் அதன் பேர்கூடத் தெரியாது. அப்போது கப்பலேறி வந்து கடன் கேட்டவர்கள், துப்பாக்கி வாங்கியவர்கள், துறைமுகத்தில் தவித்த மாலுமிக்குச் சாப்பாடு போட்டவர்கள் யார் யார் என்று ரொம்ப காலமாகப் படித்துவருகிறேன். அவர்களில் தூதர்களும் உண்டு, கான்சல்களும் (வெளிநாட்டுத் துறைமுகத்தில் தன் நாட்டு மக்களையும் கப்பல்களையும் வியாபாரத்தையும் கவனிக்கிற அதிகாரிகள்) உண்டு. அவர்கள் இருந்த இடங்களை நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணம். ராத்திரி அறைக்குத் திரும்பியதும் அன்றன்று பார்த்ததை எழுதிப் போடுகிறேன்.

முதலில் மரே பகுதி. வியே து தாம்ப்ள் தெரு, 47ஆம் எண். உயரமான மரக் கதவு, அதில் பாம்புக் கூந்தலோடு செதுக்கிய மெதூசாத் தலைகள். கிட்டப்போய் நின்று பார்த்தேன். ஒவ்வொரு பாம்பின் வளைவும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு நுணுக்கமான வேலை. உள்ளே போக முடியவில்லை. கதவைப் பார்த்ததே எனக்குப் போதும் என்று இருந்தது, ஏனென்றால் 1776இல் இந்தக் கதவுக்குப் பின்னால்தான் 'ரொடரீக் ஓர்த்தாலே' என்ற பெயரில் ஒரு வணிக நிறுவனம் நடந்தது. நடத்தியவர் பொமார்ஷே. கடிகாரம் செய்கிறவராகத் தொடங்கி நாடகாசிரியராகப் புகழ் பெற்றவர். பிரெஞ்சு அரசு ஒரு மில்லியன் லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்தது, ஸ்பெயின் இன்னொரு மில்லியன். வெளியே பார்த்தால் வியாபாரம். உள்ளே நடந்தது, பிரிட்டனுக்குத் தெரியாமல் அமெரிக்கக் கிளர்ச்சியாளர்களுக்குப் பீரங்கியும் வெடிமருந்தும் சீருடையும் அனுப்புகிற வேலை.

அமெரிக்கப் பக்கத்திலிருந்து வாங்க வந்தவர் சைலஸ் டீன். கனெக்டிகட்டைச் சேர்ந்த வணிகர். 1776 ஜூலையில் பாரிஸ் வந்தார். பிரெஞ்சு சரியாக வராது. கேட்டால் வியாபாரத்துக்குச் சரக்கு வாங்க வந்தவன் என்று சொல்லிக்கொள்ளும்படி உத்தரவு. 25,000 பேருக்கு உடையும் ஆயுதமும் கடனுக்கு வாங்க வேண்டும். பின்னால் நிற்பது இன்னும் யாருமே அங்கீகரிக்காத ஒரு காங்கிரஸ், அதாவது கிளர்ச்சியாளர்களின் பிரதிநிதி சபை. வாங்கினார் மனிதர். 1777இல் அமெரிக்கக் கரை சேர்ந்த அந்தச் சரக்கு சரடோகா போர்க்களத்தில் பயன்பட்டது.

அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? டீன் பணத்தைக் கையாடினார் என்று சக தூதரான ஆர்தர் லீ குற்றம் சாட்ட, காங்கிரஸ் டீனைத் திருப்பி அழைத்தது. கணக்கு எங்கே என்று கேட்டார்கள். கணக்குகளைப் பாரிஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அந்தக் களங்கம் கடைசிவரை போகவில்லை. 1789இல் அமெரிக்கா திரும்பக் கப்பலேறியவர் வழியிலேயே இறந்துபோனார். 1842இல்தான் காங்கிரஸ் பழைய தணிக்கை தவறு என்று ஒப்புக்கொண்டு அவருடைய வாரிசுகளுக்கு 37,000 டாலர் கொடுத்தது. பொமார்ஷேக்கும் அதே கதி. அவர் வாரிசுகளுக்கு 8,00,000 ஃபிராங்க் கிடைத்தது 1835இல். டீனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. பின்னால் அவர் மனமுடைந்து, சுதந்திரமே வேண்டாம், பிரிட்டனோடு சமரசமாகப் போகலாம் என்று கடிதம் எழுதியது உண்மை. அதற்காக அந்த முதல் வருடத்தில் செய்த வேலை இல்லையென்று ஆகிவிடாது.

செவ்வாய், பாரிஸ்

காலையில் கன்கோர்ட் சதுக்கம், 4ஆம் எண், ஓட்டல் த குவால்ஸ்லேன். 'ஓட்டல்' என்றால் இங்கே பிரபுக்களின் மாளிகை. சுவரில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கல்வெட்டு இருக்கிறது. 1778 பிப்ரவரி 6 அன்று அமெரிக்கத் தூதர்கள் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், டீன், ஆர்தர் லீ மூவரும் பிரான்ஸ் தரப்பின் ஜெரார்டோடு இங்கேதான் நட்பு ஒப்பந்தத்திலும் இராணுவக் கூட்டு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு வருடம் முன்னால் லண்டனில் மன்னரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் முன் ஃபிராங்க்ளினை நிற்கவைத்து அவமானப்படுத்தியபோது போட்டிருந்த அதே பழைய வெல்வெட் கோட்டைத்தான் அன்றும் போட்டுக்கொண்டு வந்தார் என்று சொல்வார்கள்.

சாலையைத் தாண்டினால் தூய்லெரித் தோட்டம். ஆற்றை ஒட்டிய தென்புற மேட்டு நடைபாதையில் வெகுநேரம் நடந்தேன். தூதர்கள் நம்பிக்கையோடு கூடவே வைத்திருந்த எட்வர்ட் பான்கிராஃப்ட் பிரிட்டனின் ஒற்றர். வெளிப்பார்வைக்குக் காதல் கடிதம். வரிகளுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத மையில் உளவுச் செய்தி. அதைப் புட்டியில் போட்டு, கழுத்தில் கயிறு கட்டி, செவ்வாய்க்கிழமை இரவுகளில் இந்த மேட்டு நடைபாதையில் ஒரு மரத்தடிப் பொந்தில் இறக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பிரிட்டிஷ் தூதரகத்து ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார். ஃபிராங்க்ளின் வீட்டில் பேசியது லண்டனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் கழித்து பிரிட்டிஷ் ஆவணங்களைப் புரட்டியபோதுதான் விஷயமே வெளியே வந்தது.

மதியம் பாஸி. ரேனுவார் தெருவும் சேங்கர் தெருவும் சந்திக்கிற மூலையில் ஒரு கல்வெட்டு, அவ்வளவுதான் மிச்சம். ஃபிராங்க்ளின் 1777 முதல் 1785 வரை தங்கியிருந்த வலாந்தினுவா மாளிகை போய்விட்டது. பக்கத்தில் யார்க்டவுன் சதுக்கத்தில் அவருடைய வெண்கலச் சிலை, உட்கார்ந்த நிலையில். பீடத்தில் அரசவை வரவேற்பையும் சமாதான ஒப்பந்தத்தையும் புடைப்புச் சிற்பமாக வைத்திருக்கிறார்கள்.

பீடத்தில் இடம் பெறாத வேலையைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தோன்றுகிறது. கான்சல் என்று ஒருவர் வருவதற்கு முன்னால் அந்தப் பாரமெல்லாம் எழுபது தாண்டிய இந்தக் கிழவர் தலையில்தான். அமெரிக்கப் படையில் பதவி வேண்டும் என்று தினமும் வந்து நின்ற பிரெஞ்சு அதிகாரிகள். சிறைபிடித்த எதிரிக் கப்பலை எங்கே விற்பது என்று கேட்ட தனியார் போர்க்கப்பல்காரர்கள். பாஸியில் வைத்திருந்த சொந்த அச்சு எந்திரத்தில் அடித்த கடவுச்சீட்டுகள். இங்கிலாந்தில் பிளிமத்தின் மில் சிறையிலும் போர்ட்ஸ்மத் அருகே ஃபோர்ட்டன் சிறையிலும் நூற்றுக்கணக்கான அமெரிக்க மாலுமிகள் கிடந்தார்கள். அவர்களுக்குப் பணம் அனுப்பி, டேவிட் ஹார்ட்லி என்ற ஆங்கிலேய எம்.பி.க்கு எழுதி எழுதி, 1779இல் முதல் கைதிப் பரிமாற்றத்தைச் சாதித்தார். இதற்கு நடுவில் காங்கிரஸ், கையிருப்பு இருக்கிறதா என்று கேட்காமலேயே அவர் பேரில் உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் வெர்சாய் போய்ப் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வெர்ஜென் முன்னால் நிற்க வேண்டும். ஒரு நாட்டின் மானத்தைக் காப்பாற்றுவது என்றால் இதுதான்.

கப்பல் விவகாரங்களைப் பார்க்க ஒரு கான்சலை அனுப்புங்கள் என்று கெஞ்சினார். 1780 நவம்பரில் வில்லியம் பால்ஃப்ரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஏறிய கப்பல் டிசம்பரில் கிளம்பியது, எங்கேயும் போய்ச் சேரவில்லை. அடுத்து வந்தவர் தாமஸ் பார்க்ளே, 1781இல்.

புதன், பாரிஸ்

ழாக்கோப் தெரு 56. 1783 செப்டம்பர் 3, அமெரிக்க விடுதலையைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட பாரிஸ் ஒப்பந்தம். பிரிட்டன் சார்பில் வந்தவர் அதே ஹார்ட்லி. வெர்சாயில் கையெழுத்திட மாட்டேன் என்று அவர் சொன்னதால் அவர் தங்கியிருந்த விடுதிக்கே ஃபிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், ஜான் ஜே மூவரும் வந்தார்கள். இந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஷான்செலிசே 92ஆம் எண்ணில் தாமஸ் ஜெஃபர்சன் குடியிருந்ததற்குக் கல்வெட்டு. 1785 முதல் 1789 வரை இங்கே தூதர். அவர் முடித்துக்கொடுத்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது 1788 நவம்பரில் பிரான்ஸோடு போட்ட கான்சல் ஒப்பந்தம். முதலில் போட்ட வரைவு பிரெஞ்சுக் கான்சல்களுக்கு அமெரிக்க மண்ணில் அளவுக்கு மீறிய அதிகாரம் கொடுத்தது. அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, வார்த்தைக்கு வார்த்தை பேசித் திருத்தினார். இதே வீட்டில்தான் ஜேம்ஸ் ஹெமிங்ஸும் அவர் தங்கை சாலியும் இருந்தார்கள். அடிமைகள். பிரெஞ்சு நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தால் விடுதலை வாங்கியிருக்கலாம். அந்தக் கல்வெட்டில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வியாழன், போர்தோ

இந்த ஊருக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றே சொல்லலாம்.

பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ரயில் நிலையத்திலிருந்து டிராம் பிடித்து கரோன் ஆற்றங்கரை வழியாக ஷார்த்ரோன் பகுதிக்கு வந்தேன். ஒயின் வணிகர்களின் பழைய பேட்டை. க்சாவியே அர்னோசான் சாலை ஆற்றங்கரையைத் தொடுகிற மூலையில் ஃபென்விக் மாளிகை. தேன் நிறக் கல். அண்ணாந்து பார்த்தால் சுவரிலிருந்து கல்லில் செதுக்கிய கப்பல் முகப்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, கட்டடமே ஆற்றுக்குள் இறங்கப்போவதுபோல. ஆற்றில் வருகிற கப்பலைத் தூரத்திலேயே பார்த்துவிடக் கூரைக்கு மேல் பார்வைக்கூடமும் உண்டு. எதிர்ப்பக்கம் போய்ச் சாலை ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டிராம் வருகிறது, சைக்கிள்கள் போகின்றன, யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

மேரிலாண்டைச் சேர்ந்த ஜோசப் ஃபென்விக்கை 1790இல் ஜார்ஜ் வாஷிங்டன் கான்சலாக நியமித்தார். அமெரிக்கா உலகத்தில் அமைத்த மிகப் பழைய கான்சல் அலுவலகங்களில் போர்தோவும் ஒன்று. ஃபென்விக்குக்குப் புகையிலை, ஒயின் வியாபாரம் ஏற்கெனவே இருந்தது. அப்படிப்பட்டவர்களைத்தான் நியமித்தார்கள், ஏனென்றால் சம்பளம் கிடையாது. 1792இல் வந்த கான்சல் சட்டம் வட ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு மட்டும்தான் சம்பளத்துக்கு வழி செய்தது. மற்ற இடங்களில் கட்டணம் மட்டும். புயலில் சரக்கு நாசமானால் கப்பல் தலைவர் வந்து நடந்ததைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். கான்சல் அதை எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார். அந்தத் தாள் இருந்தால்தான் ஊரில் காப்பீட்டுப் பணம் வரும். அதற்கு 2 டாலர். ஊர் பேர் தெரியாத இடத்தில் ஓர் அமெரிக்கர் செத்துப்போனால் அவருடைய பெட்டியைத் திறந்து சட்டை முதல் சில்லறை வரை பட்டியல் போட்டு, ஏலம் விட்டு, கடனை அடைத்து, மிச்சத்தை அமெரிக்கக் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் கான்சலுக்கு 5 சதவீதம்.

கப்பல் உடைந்தோ நோய்ப்பட்டோ கரையில் தங்கிவிட்ட மாலுமி வந்து நின்றால் ஒரு நாளைக்கு 12 சென்ட்டுக்கு மேல் போகாமல் அவனுக்குச் சாப்பாடும் இடமும் பார்க்க வேண்டும். ஊருக்குப் போகிற அமெரிக்கக் கப்பல் ஒவ்வொன்றும் 100 டன்னுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் இப்படிப்பட்டவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றது சட்டம். திடமாக இருக்கிறவன் கப்பலில் வேலை செய்துகொண்டே போக வேண்டும். இந்தப் பிரிவுகளை வாசிக்கும்போது எனக்கு இந்தப் புதிய நாட்டின் மேல் ஒரு மரியாதை வந்தது. கஜானாவில் ஒன்றுமில்லாத நேரத்திலும், அயலூர்க் கரையில் கிடக்கிற சாதாரண மாலுமி நம்முடைய ஆள், அவனை வீடு சேர்ப்பது நம் பொறுப்பு என்று எழுதிவைத்தார்கள்.

வெளியுறவுச் செயலராக இருந்த ஜெஃபர்சன் 1790 ஆகஸ்டில் எல்லாக் கான்சல்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். துறைமுகத்துக்கு வந்துபோகிற அமெரிக்கக் கப்பல்களைப் பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும். அந்த நாடு போருக்குத் தயாராகிறதா என்பதையும் பார்த்துச் சொல்ல வேண்டும். விருப்பப்பட்டால் கடற்படைச் சீருடை போட்டுக்கொள்ளலாம்: ஆழ்ந்த நீலக் கோட்டு, சிவப்பு மடிப்பு, நங்கூரம் பொறித்த மஞ்சள் பொத்தான், சிறிய வாள். அதே வருடம் ஃபென்விக்குக்கு இன்னொரு கடிதமும் வந்தது. வாஷிங்டனுக்கும் தனக்கும் ஒயின் வாங்கி அனுப்பும்படியும், யார் பெட்டி எது என்று தெரிய அவரவர் பெயரின் முதலெழுத்துகளைப் போடும்படியும் ஜெஃபர்சன் கேட்டிருந்தார்.

1793இல் நிலைமை தலைகீழாக மாறியது. பிரெஞ்சுப் புரட்சி அரசு போர்தோவிலிருந்து கப்பல்கள் வெளியேறக் கூடாது என்று தடை போட்டது. நூறு அமெரிக்கக் கப்பல்கள் அளவுக்கு மாதக்கணக்கில் இந்த ஆற்றில் முடங்கிக் கிடந்தன. சரக்கு கெடுகிறது, மாலுமிகளுக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும், நகரத்திலோ கில்லட்டின். கப்பல் தலைவர்கள் பாரிஸ் வரை முறையிட்டார்கள். தனக்கே சரக்கும் கடனும் உள்ள ஒரு வணிகர் அப்படிப்பட்ட நேரத்தில் தன் பக்கம் நிற்பாரா, கான்சல் நாற்காலியின் பக்கம் நிற்பாரா? இந்த முறையின் பெரிய ஓட்டை அதுதான். நல்லவராகவே இருந்தாலும் இரண்டு கணக்குப் புத்தகமும் ஒரே மேஜையில் இருந்தது.

சனி, தி ஹேக்

நேற்று முழுக்க ரயிலிலேயே போய்விட்டது. இன்று காலை ஆம்ஸ்டர்டாமில் கெய்சர்ஸ்கிராக்ட் கால்வாய்க் கரையில் 529ஆம் எண் வீட்டைப் பார்த்தேன். 1781இல் ஜான் ஆடம்ஸ் இங்கே குடியிருந்தார். அந்த ஆகஸ்டில் காய்ச்சலில் நினைவு தப்பி நாள்கணக்கில் கிடந்தார். வாசலுக்கு முன்னால் தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடக்கிறது.

டச்சுக் கூட்டாட்சி அவரைத் தூதராக ஏற்கவில்லை. ஏற்றால் பிரிட்டன் கோபித்துக்கொள்ளும். ஆடம்ஸ் 1781 ஏப்ரலில் தன் மனுவை எழுதி, அரசவை வாங்க மறுத்ததும் அச்சடித்து மக்களிடமே கொடுத்துவிட்டார். டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும். அன்றைய ராஜதந்திரிகளுக்கு இது அசிங்கமான முறை. ஆனால் ஊர் ஊராக வணிகர்கள் அங்கீகாரம் கொடு என்று மனு எழுத ஆரம்பித்தார்கள். 1782 பிப்ரவரியில் ஃபிரீஸ்லாந்து மாகாணம் முதலில் சரி என்றது. ஏப்ரல் 19 அன்று மொத்த நாடும். ஜூனில் வில்லிங்க், வான் ஸ்டாஃபோர்ஸ்ட், டி லா லாண்ட் அண்டு ஃபைன்யே ஆகிய வங்கிகள் மூலம் 5 சதவீத வட்டிக்கு 50 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்) கடன் ஏற்பாடானது. ஆடம்ஸ் எரிச்சல்காரர், பொறாமைக்காரர், ஃபிராங்க்ளினைக் கண்டால் ஆகாது. அதெல்லாம் இருக்கட்டும். இந்த ஒரு காரியத்தில் அவருடைய பிடிவாதம் இல்லாமல் வேறு யாராலும் ஜெயித்திருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

மாலையில் தி ஹேக்கில் ஃப்ளுவேலன் புர்க்வால் தெரு. ஆடம்ஸ் 1782இல் இங்கே வாங்கிய வீடுதான் வெளிநாட்டில் அமெரிக்கா தனக்கென்று வாங்கிய முதல் தூதரகம். வீடு இப்போது இல்லை, நினைவுக் கல்வெட்டு மட்டும் இருக்கிறது.

திங்கள், லண்டன்

காலையில் மேஃபேர். குரோவனர் சதுக்கம் 9ஆம் எண் வீடு இன்னும் நிற்கிறது. ஆடம்ஸ் 1785 ஜூன் 1 அன்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முன் போய் நின்றார். மன்னரைப் பொறுத்தவரை ஆடம்ஸ் நேற்றுவரை தேசத்துரோகி. மன்னரே மரியாதையாகப் பேசினார், ஆனால் மூன்று வருடம் கேட்டும் வணிக ஒப்பந்தம் கிடைக்கவில்லை. பிரிட்டன் பதிலுக்கு ஒரு தூதரை அனுப்பியதே 1791இல்தான்.

மதியத்துக்கு மேல் டவர் ஹில். இங்கே இரண்டு கதைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

லண்டன் டவர் கோட்டைக்குள் கைதியாகக் கிடந்தவர் ஹென்றி லாரன்ஸ். டச்சுக் கடன் கேட்க முதலில் அனுப்பப்பட்டவர் அவர்தான். 1780 செப்டம்பரில் நடுக்கடலில் பிரிட்டிஷ் கப்பல் மறித்தது. காகிதப் பையைக் கடலில் எறிந்தார்; பை மூழ்கவில்லை. கொக்கி போட்டு எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த ஒப்பந்த வரைவைக் காரணம் காட்டித்தான் பிரிட்டன் டச்சுக்காரர்கள் மேல் போர் அறிவித்தது. லாரன்ஸ் 1781 டிசம்பர் கடைசிவரை இந்தச் சுவர்களுக்குள். சார்ல்ஸ்டனில் அடிமை வியாபாரம் செய்து பணக்காரரானவர் அவர். விடுதலையானதும் பாரிஸ் பேச்சுவார்த்தையின் கடைசி நேரத்தில் வந்து, பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது அடிமைகளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற பிரிவைச் சேர்க்கவைத்தார். பிறர் விடுதலையின் அருமையைச் சிறை அனுபவம் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கோட்டைக்கு வெளியே கூப்பர்ஸ் ரோ சந்து. அங்கே இருந்தவர் 1790 முதல் லண்டன் கான்சல் ஜாஷுவா ஜான்சன். அவருடைய தலைவலி, பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்க மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனது. பேச்சு ஒன்று, முகச்சாயல் ஒன்று. யார் அமெரிக்கன் என்று எப்படி நிரூபிப்பது? 1796 சட்டப்படி மாலுமிகளுக்கு 25 சென்ட்டுக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். வயது, உயரம், முடி நிறம், முகத்தில் தழும்பு இருந்தால் அது எந்தப் பக்கம் என்பதுவரை அதில் இருக்கும். மடித்து மடித்து இடுப்பில் வைத்திருந்த அந்தத் தாளைக் காட்டினாலும் கடற்படை அதிகாரிகள் பலர் மதிக்கவில்லை. அப்புறம் மனைவியோ தாயோ எழுதிய கடிதத்தோடு கான்சல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையான அட்மிரால்ட்டிக்கு மனு எழுத வேண்டும். ஒரு பெயருக்கு ஒரு மனு.

பக்கத்தில் ஆல் ஹாலோஸ் தேவாலயம். 1797 ஜூலை 26 அன்று ஜான்சனின் மகள் லூயிசாவை ஜான் ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் இங்கே மணந்தார். பதினாலு வயதில் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்காக ரஷ்யா வரை போன பையன் அவர். கல்யாணம் முடிந்த கையோடு ஜான்சனின் வியாபாரம் நொடித்துப்போனது. கடன்காரர்களுக்குப் பயந்து குடும்பத்தோடு அமெரிக்கா போய்விட்டார். ஏழு வருட கான்சல் வேலைக்கு ஒரு பைசா சம்பளம் இல்லாதவர். மாப்பிள்ளை தூதராகப் பெர்லின் போனபோது நகர வாசலில் காவல் அதிகாரிக்கு அமெரிக்கா என்றால் என்னவென்றே தெரியவில்லை. கூட நின்ற சிப்பாய் ஒருவர்தான் விளக்கினாராம்.

இதே அலையில்தான் நம் பக்கமும் ஆள் போட்டார்கள். 1792இல் பெஞ்சமின் ஜாயைக் கல்கத்தாவுக்கு நியமித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கான்சலாக ஏற்காமல் வணிக முகவராக இருந்துகொள் என்றது. 1794இல் மெட்ராஸில் வில்லியம் அப்பாட்.

செவ்வாய், லிவர்பூல்

கடைசி ஊர். 1790இல் நியமனமான ஜேம்ஸ் மோரி இங்கே 39 வருடம் கான்சலாக இருந்தார். அவர் அப்பா நடத்திய பள்ளியில்தான் ஜெஃபர்சன் படித்தார். இருவரும் பள்ளித் தோழர்கள். புகையிலை விலை, பஞ்சு விலை, எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கப்பல் சிறைப்பட்டது என்று எழுதிக்கொண்டே இருந்தார். பிரிட்டனோடு 1812 போர் வந்தது, போனது. வாஷிங்டன் முதல் ஜான் குவின்சி ஆடம்ஸ் வரை ஆறு ஜனாதிபதிகள் மாறினார்கள். மோரி அதே இடத்தில் இருந்தார்.

ஆல்பர்ட் துறையில் இருக்கிற அருங்காட்சியகத்தில் அடிமை வியாபாரம் பற்றிய பகுதியைப் பார்த்தேன். மோரி விலை எழுதிய அந்தப் பஞ்சு யார் கையால் பறிக்கப்பட்டது என்பது அவருக்கும் தெரியும், அறிக்கையைப் படித்தவர்களுக்கும் தெரியும்.

1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதியானதும் அவரை நீக்கினார். அப்போது மோரிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அமெரிக்கா திரும்பி 1840இல் இறந்தார். கான்சல்களுக்கு ஒழுங்கான சம்பளம் என்று சட்டம் வந்தது 1856இல்.